கண்டனமும் திருத்தமும்

சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் 1887-ஆம் ஆண்டு அச்சேறி வெளிவந்தபோது, தமிழ் கற்றோர் பலர் அதை ஒரு புதையலாகவே கொண்டாடினார்கள் என்பது உண்மையானாலும், அதைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்குப் புகழுரையோடு கண்டனத்தின் ஓசையும் சேர்ந்தே கேட்கத் தொடங்கியது. பதிப்பில் பிழை மலிந்திருக்கிறதென்று துண்டுப் பிரசுரங்கள் அச்சாகிப் பரவின. மனம் நொந்த ஐயர் அவற்றுக்குச் சமாதானம் எழுதி, கும்பகோணம் கல்லூரியில் தம்மோடு பணியாற்றிய சாது சேஷையரிடம் காட்ட, அவரோ, இப்படி ஒவ்வொரு வசைக்கும் விடை எழுதப் புகுந்தால் எடுத்த காரியம் கெடும் என்று எடுத்துரைத்து, அந்த மறுப்பு வெளிவராதபடி தடுத்துவிட்டார்.

நண்பர் சொன்ன யோசனை விவேகமானது என்பதில் ஐயமில்லை. வசைக்குச் செவிகொடாமல் வேலையிலேயே கண்ணாக இருக்கும் அந்த உறுதி இல்லாதிருந்தால், பத்துப்பாட்டும் (1889) சிலப்பதிகாரமும் (1892) புறநானூறும் (1894) மணிமேகலையும் (1898) ஒரே மனிதரின் கையால் ஒன்றன்பின் ஒன்றாக நமக்கு வந்து சேர்ந்திருக்கமாட்டா. ஆனால், அந்தப் பிரசுரங்களின் நடுவே மெய்யான பிழை ஒன்றைச் சரியாகச் சுட்டிய வரி ஏதேனும் கிடந்திருக்குமானால், அதுவும் வசையோடு சேர்த்துத் தள்ளப்பட்டிருக்கும் அன்றோ? வசை விளைக்கும் கேடுகளுள் தலையாயது இது என்றே நான் கருதுகிறேன். ஏசப்பட்டவர் மனம் புண்படுவது ஒருபுறமிருக்க, ஏசியவர் கையிலிருந்த உண்மையும் கேட்பாரற்றுப் போய்விடுகிறது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் ஏட்டுச்சுவடிகளின் உலகில் நேர்ந்த இந்தச் சங்கடம், கணினி மென்பொருளைப் பலர் கூடி ஆக்கும் இன்றைய உலகில் நாள்தோறும் நேர்ந்துகொண்டிருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் வழங்கப்படுவது யாதெனில், ஆக்கியவர் தம் மூலநிரலை மறைத்து வைக்காமல், யாவரும் படிக்கவும் திருத்தவும் திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடுவது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்ததும், ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டதும் இந்த இயக்கத்தின் சரித்திரத்தில் முக்கியமான படிகள். பாளையங்கோட்டையில் ஒருவர் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளத்திலும் இன்று ஓடிக்கொண்டிருப்பது அந்த லினக்ஸ்தான். தமிழ்நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிற்று. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கிற்று. இவற்றுள் பலவற்றில் உழைப்பவர்க்குக் கூலி என்று ஒன்று கிடையாது. அலுவலகம் விட்டு வந்து, உண்டபின் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில், பிறருக்குப் பயன்படட்டும் என்ற எண்ணம் ஒன்றையே சம்பளமாகக் கொண்டு செய்கிற வேலை அது.

பொருநை என்னும் தாமிரபரணியின் கரைக்கு இந்த முறை புதிதன்று. பத்துப்பாட்டின் ஏடு தேடி ஐயர் திருநெல்வேலிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தபோது, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த சுவடிகளை இங்கிருந்த கவிராயர் குடும்பங்கள் அவருக்குத் திறந்து காட்டின. ஆழ்வார்திருநகரி லக்ஷ்மண கவிராயரின் உதவியால் கிடைத்த ஏடு அந்தப் பதிப்புக்குப் பெருந்துணையாயிற்று. மூலம் கைமாறியது, ஒரு பிரதியில் சிதைந்திருந்த அடி மற்றொரு பிரதியைக்கொண்டு நிறைவுபெற்றது, பாடபேதங்கள் குறிக்கப்பட்டன, ஏடு தந்தவர் பெயர் முகவுரையில் ஏறியது. அதே காலத்தில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்று விசாரித்த ஐயருக்கு, அங்கிருந்த பழஞ்சுவடிகளை ஆகுதியாக நெருப்பில் இட்டுவிட்டார்கள் என்ற விடையே கிடைத்தது. பகிர்ந்துகொண்ட ஏடு பிழைத்தது, பகிராமல் பூட்டி வைத்த ஏடு சாம்பலாயிற்று என்னும் இந்தப் பாடத்தைத் திறமூல இயக்கம் வேறு பாஷையில் மீண்டும் சொல்கிறது. பகிர்ந்த மூலத்தில் பலர் கண் படும். பலர் கண் பட்டால் பிழை தென்படும். தென்பட்ட பிழையை யாரேனும் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆகவே குறை கூறுதல் இந்த ஏற்பாட்டுக்கு இன்றியமையாதது. அதை எப்படிக் கூறுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு சிறு குறையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பொருநை கடலோடு கூடும் இடத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கையின் பெயரைக் கணினியில் எழுதும்போது, முதலெழுத்தாகிய ‘கொ’வை யூனிகோடு முறையில் இருவகையாகச் சேமிக்க இடமுண்டு. ககரத்தை அடுத்து ஒகரக்குறி முழுவதையும் ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பதே யூனிகோடு வகுத்த விதியும். அந்த விதியைக் கவனியாமல் எழுதப்பட்ட ஒரு தேடுநிரலோ இரண்டையும் வெவ்வேறு சொற்களாக எண்ணும். திரையில் கொற்கை என்று கண்ணெதிரே நின்றுகொண்டிருக்க, அப்படி ஒரு சொல் இந்த நூலில் இல்லை என்று அந்த நிரல் சாதிக்கும்.

இந்தக் குறையை இருவர் எழுதித் தெரிவிப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் எழுதுவார்: “தமிழே தெரியாதவர்கள் தமிழுக்கு மென்பொருள் செய்ய வந்தால் இப்படித்தான் இருக்கும். கொற்கையைத் தேடினால் கிடைக்கவில்லை. வெட்கமாக இல்லையா? முடியாவிட்டால் மூடிவிட்டுப் போங்கள்.” இரண்டாமவர் எழுதுவார்: “இன்ன பதிப்பை இன்ன இயங்குதளத்தில் பயன்படுத்துகிறேன். இணைத்துள்ள கோப்பின் மூன்றாம் பக்கத்தில் கொற்கை என்ற சொல் இருக்கிறது, தேடினால் அகப்படவில்லை. கோப்பில் அச்சொல்லின் முதலெழுத்து கொம்பும் காலும் பிரிந்த மூன்று குறியீடுகளாக இருக்கிறது. என் விசைப்பலகை அதை இரண்டு குறியீடுகளாக எழுதுகிறது. தேடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகும் என்று தோன்றுகிறது. கொ, கோ, கௌ மூன்றிலும் சோதித்தேன். மூன்றிலும் இதே நிலைதான்.”

இருவர் கண்டதும் ஒரே குறை. முதலாமவர் மடலில் அந்தக் குறையைப்பற்றி இருப்பது ஒரே ஒரு வாக்கியம். எஞ்சியவை நிரல் எழுதியவரின் குலம் கோத்திரத்தை விசாரிப்பவை. இரண்டாமவர் மடலில் பணிவுரை ஒன்றுமில்லை, நன்றியுரையும் இல்லை, ‘அருமையான மென்பொருள்’ என்ற முகமனும் இல்லை. ஆயினும் அதைப் படித்த நிரலர் அன்றிரவே அமர்ந்து குறையைத் தீர்த்துவிட முடியும். ஆக்கபூர்வமான விமர்சனம் என்றால் இதமாகப் பேசுவது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. படித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும்படி எழுதப்பட்டதே ஆக்கபூர்வமான விமர்சனம். அது இனிக்கலாம், கசக்கலாம், உப்புச் சப்பில்லாமலும் இருக்கலாம்.

இந்த வேறுபாட்டை உணர்வதற்கு லினக்ஸின் சரித்திரமே தக்க சான்று. தரங்குறைந்த நிரலை அனுப்பியவர்களை லினஸ் டோர்வால்ட்ஸ் பல்லாண்டுக் காலம் பகிரங்கமாகத் திட்டித் தீர்த்துவந்தார். அந்தக் கடுமையே லினக்ஸின் தரத்துக்குக் காவல் என்று வாதித்தவர்கள் அநேகர். அப்படியிருக்க, யு.எஸ்.பி. 3.0 சாதனங்களை லினக்ஸில் இயக்குவதற்கான நிரலை எழுதிய ஒருவர், தாம் அந்தக் குழுவை விட்டு விலகியதற்கு அங்கே நிலவிய பேச்சுமுறையே காரணம் என்று 2015-இல் வெளிப்படையாக எழுதினார். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் டோர்வால்ட்ஸே, தம் மடல்களில் பிறரைத் தாக்கியது முறையன்று என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, மனிதர்களின் உணர்ச்சிகளைப் புரிந்துகொள்ள உதவி நாடப்போவதாகச் சொல்லிச் சில வாரங்கள் ஒதுங்கினார். அந்தச் சமயத்திலேயே லினக்ஸ் குழு நடத்தை நெறி ஒன்றையும் ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் அவர் திரும்பி வந்தார். அதன் பிறகும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு புதிய பதிப்பு தவறாமல் வெளிவருகிறது; குறையுள்ள நிரல் முன்போலவே திருப்பி அனுப்பப்படுகிறது. கண்டிப்பும் வசையும் ஒரே வாயிலிருந்து வந்துகொண்டிருந்ததனால் இரண்டும் ஒன்றென்று உலகம் மயங்கிற்று. வசையைக் குறைத்துப் பார்த்தபோது கண்டிப்பு தன் காலில் தானே நிற்கக் கண்டது.

வசை மனத்தைப் புண்படுத்துவதோடு நிற்கிறது என்று எண்ணுவோர்க்கு 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு பயங்கரமான பாடம் கிடைத்தது. எக்ஸ்-இசட் என்னும் கோப்புச் சுருக்கி, உலகத்து லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது. அதைப் பல்லாண்டுகளாகப் பேணிவந்தவர் பின்லாந்து நாட்டவர் ஒருவர், அநேகமாகத் தனியாக, ஊதியமின்றி. 2022-இல் முன்பின் அறியப்படாத சில பெயர்களிலிருந்து அவருக்கு இடைவிடாத நச்சரிப்பு வந்தது. புதிய பதிப்பு ஏன் இன்னும் வரவில்லை, உமக்கு இதில் அக்கறை போய்விட்டது, வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகும் என்ற தோரணையில் அமைந்த மடல்கள் அவை. சோர்ந்திருந்த அவர், தாம் ஊதியமில்லாமல் செய்யும் வேலை இது என்று நினைவூட்டியும் பயனில்லை. கடைசியில், பொறுமையாகவும் பணிவாகவும் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்றிருந்த ஜியா டான் என்ற பெயருடைய ஒருவருக்கு நிர்வாகத்தில் பங்கு தந்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் யாராயினும், 2024-இல் வெளிவந்த 5.6.0, 5.6.1 என்ற பதிப்புகளில், அயல் கணினிக்குள் நுழைய ஒரு கள்ளவாயிலை ஒளித்து வைத்துவிட்டார். நச்சரித்த பெயர்களும் அந்தச் சதியின் அங்கங்களே என்பது ஆராய்ந்தவர்களின் வலுவான அனுமானம். திருடன் கையாண்ட முதல் கருவி நிரல் அன்று, வசை. தன்னார்வலரின் மனச்சோர்வே அவன் உடைத்த முதல் பூட்டு.

அதே நிகழ்ச்சியின் மறுபாதியில் மற்றொரு வகைக் குறைகாணலைக் காண்கிறோம். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் வேறொரு வேலையாகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் செயல் ஏறத்தாழ 0.3 விநாடியில் முடிய வேண்டியிருக்க, 0.8 விநாடி எடுப்பதைக் கவனித்தார். அரை விநாடிக் காலதாமதத்தை யார் பொருட்படுத்துவார்? அவர் பொருட்படுத்தினார், அளந்தார், காரணத்தைப் பின்தொடர்ந்து சென்றார், மார்ச் 29-ஆம் நாள், தாம் கண்டதையும் கண்ட விதத்தையும் தமக்கு உறுதியாகத் தெரிந்ததையும் ஐயமாக இருப்பதையும் பிரித்து எழுதி உலகுக்கு அறிவித்தார். அந்த அறிவிப்பில் எவரையும் இகழ்ந்து பேசும் நோக்கம் இல்லை. ஆத்திரப்பட நியாயமான காரணம் இருந்தும், அளவைகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. பெரும்பாலான கணினிகளை அந்தக் கள்ளவாயில் சென்றடையுமுன்னே உலகம் விழித்துக்கொண்டது. ஒரே மென்பொருளை வசை ஏறக்குறையக் கெடுத்துவிட்டது. சிரத்தையோடு கண்ட குறை அதைக் காப்பாற்றிற்று.

கடுமையே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது; அப்படிச் சொன்னால் நெல்லைச் சீமையின் புலமை மரபையே மறுத்ததாகும். இந்தச் சீமையில் 1891-இல் பிறந்த எஸ். வையாபுரிப் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கு 1926-இல் பதிப்பாசிரியராக அமர்ந்து, சாண்ட்லர் பாதிரியார் காலத்தில் தொடங்கி நெடுங்காலமாக நடந்துவந்த அந்த வேலையை 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவேற்றினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் அடங்கின. பழந்தமிழ் நூல்களுக்கு அவர் கணித்த காலங்கள் பலருக்கு உவப்பாக இல்லை. தமிழுக்கே பகைவர் என்ற பழி அவர்மீது வீசப்பட்டது. அவர் காட்டிய சான்று எந்த இடத்தில் நொய்யது, எந்தக் கல்வெட்டு அதற்கு மாறானது என்று கேட்டவர்கள் சிலரே. அவருடைய உள்நோக்கத்தை ஆராயப் புகுந்தவர்கள் பலர். இன்று காலக்கணிப்பில் அவரோடு மாறுபடுகிற ஆராய்ச்சியாளர்களுக்குங்கூட அந்தப் பலருடைய எழுத்து யாதொரு பயனும் தரவில்லை.

அந்த அகராதியின்மேல் எழுந்த கண்டனங்களுள் மிகக் கடுமையானதும் இதே சீமையிலிருந்துதான் வந்தது. சங்கரன்கோவிலில் 1902-இல் பிறந்த ஞா. தேவநேயப் பாவாணர், அகராதியில் விடுபட்ட சொற்கள், பொருள் பிறழ்ந்த சொற்கள், தமிழ் வேரை விட்டு வடமொழி வேர் காட்டப்பட்ட சொற்கள் என்று தாம் கருதியவற்றை எடுத்துக்காட்டி, அதன் சீர்கேடுகளைப்பற்றித் தனிநூலே எழுதினார். அவருடைய நடையில் காரம் குறைவில்லை. சில இடங்களில் அது ஆளையும் சுட்டதென்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், குறை சொன்னதோடு அவர் எழுந்து போய்விடவில்லை. சொற்பிறப்பியல் முறையில் வேறோர் அகரமுதலி வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி, 1974-இல் தமிழக அரசு அதற்கென அமைத்த திட்டத்தின் இயக்குநராகி, 1981-இல் மறையும்வரை அந்த வேலையிலேயே இருந்தார். முதல் மடலத்தின் முதற்பாகம் அவர் மறைவுக்குப் பின் 1985-இல் வெளிவந்தது. திறமூல உலகில் இதற்கு நிகரான சம்பிரதாயம் ஒன்று உண்டு. ஒரு மென்பொருளின் போக்கில் உடன்பாடில்லாதவர், அதன் மூலநிரலைப் பிரதியெடுத்துக்கொண்டு, தம் கொள்கைப்படி வேறொன்றாக வளர்த்துக் காட்டலாம். எது நல்லதென்று பயன்படுத்துவோர் தீர்மானித்துக்கொள்வார்கள். பாவாணரோடு உடன்படுகிறவரும் உண்டு, மாறுபடுகிறவரும் உண்டு; ஆனால் இருசாராரும் இன்று எடுத்துப் புரட்டுவது அவருடைய சொற்பட்டியலைத்தான், அவருடைய சுடுசொற்களை அன்று. வையாபுரிப் பிள்ளையின் அகராதியும் அருகிலேயே திறந்திருக்கிறது.

காரம் ஒரு பக்கம் மிகுவதுபோல இனிப்பு மற்றொரு பக்கம் மிகுவதும் உண்டு. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி, கவிதையை அனுபவிக்கத் தமிழருக்குக் கற்பித்த இடம். அதன் புகழ் நியாயமானது. ஆனால் கம்பராமாயணத்தில் இவை இடைச்செருகல், இந்தப் பாடம் இப்படி இருந்திருக்க வேண்டும் என்று தம் ரசனையையே அளவுகோலாகக் கொண்டு முதலியார் தீர்மானிக்கத் தலைப்பட்டபோது, ஏட்டுச்சான்று எங்கே என்று வட்டத்துக்கு வெளியே இருந்த புலவர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளும் கூட்டத்தில் அத்தகைய கேள்வி எளிதில் எழாது. இன்றைய தமிழ் மென்பொருள் முயற்சிகளிலும் இந்த நோய் உண்டு. எவரேனும் ஓர் எழுத்துருவையோ பிழைதிருத்தியையோ வெளியிட்டவுடன் ‘தமிழன்னைக்கு மற்றோர் அணி’ என்ற வாழ்த்துகள் குவிகின்றன. அதைத் தம் கணினியில் நிறுவி, பத்துப் பக்கமாவது ஓட்டிப் பார்த்து, எங்கே சறுக்குகிறது என்று எழுதுகிறவர் அரியர். வாழ்த்து மட்டும் பெற்ற ஆக்கம் ஓராண்டில் கைவிடப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கிறோம். ஆகவே, திட்டுவதும் போற்றுவதும் வெளித்தோற்றத்தில் எதிரெதிரானவை ஆனாலும் ஒரு குணத்தில் உடன்பிறந்தவை. இரண்டுக்கும் அந்த ஆக்கத்தைத் திறந்து பார்க்கும் பிரயாசை தேவையில்லை.

காசு கொடுத்து வாங்கியவனுக்குக் கோபப்படும் உரிமை உண்டு, அதை ஏன் மறுக்கிறீர் என்று கேட்பவர் உண்டு. கட்டற்ற மென்பொருளில் காசு கொடுத்தவர் யார்? இங்கே ஆக்கியவரும் பயன்படுத்துபவரும் வியாபாரியும் வாடிக்கையாளரும் அல்லர். அவர்களுடைய உறவு தாமிரபரணிப் பாசனத்தில் மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் உள்ள உறவைப் போன்றது. மருதூர் அணையிலிருந்தும் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்தும் பிரியும் கால்வாய்களில் வண்டல் மண்டி நீர் வராவிட்டால், கடைமடை விவசாயி கத்தத்தான் செய்வார்; ஆனால் குடிமராமத்து நடந்த காலத்தில் அந்தக் கத்தலோடு அவர் மண்வெட்டியும் கொண்டு வந்தார். இன்ன மதகுக்கும் இன்ன மதகுக்கும் இடையே இத்தனை முழம் தூர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனெனில் அவர் நடந்து பார்த்திருந்தார். அவருடைய கோபத்துக்கு ஒரு கௌரவம் இருந்தது. கரையில் நின்று ஏசிவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் கோபத்துக்கு அந்தக் கௌரவம் கிடையாது, அவர் சொல்வது முழுவதும் உண்மையாகவே இருந்தாலும்.

இவ்வளவும் குறை சொல்பவரை நோக்கிச் சொன்னவை. குறை கேட்பவர்க்கும் கடமை உண்டு. அதை மறந்தால் நியாயம் ஒருதலையாகிவிடும். ஏளனத்துக்கு அஞ்சிய நிரலர், காலப்போக்கில், நியாயமான குறையையும் ஏளனமாகவே கேட்கப் பழகிவிடுகிறார். ‘நேரமிருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்’ என்ற ஒரே விடையை எல்லாருக்கும் சொல்லும் நிர்வாகிகளை எவரும் கண்டிருப்பர். நிரல் எழுதத் தெரியாத ஓர் ஆசிரியை, தம் வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த மென்பொருள் இன்ன இடத்தில் தடுமாற்றம் தருகிறது என்று எழுதினால், அதுவே ஒரு பெரிய பங்களிப்பு. அவருக்கு அந்த விடையைச் சொல்வது மரியாதையாகப் பேசிய வசையேயன்றி வேறில்லை. நடத்தை நெறி என்பதைக் கேடயமாக வைத்துக்கொண்டு, சங்கடமான கேள்வி கேட்டவரைப் பண்பற்றவர் என்று வெளியேற்றுவதும் ஆங்காங்கே நடக்கிறது. வந்த குறையை வந்ததென்று பதிவு செய்வது, ஏற்காவிட்டால் காரணம் சொல்வது, ஏற்றால் சொன்னவர் பெயரைப் பதிப்புக் குறிப்பில் ஏற்றுவது ஆகிய மூன்றும் நிர்வாகியின் கடன். ஏடு தந்தவரை முகவுரையில் மறவாத ஐயர் அந்த மூன்றாவது கடனை நமக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்.

முறையாகக் குறை சொல்லும் வித்தை தானாக வந்துவிடாது. அது பயிற்சியால் வருவது. திருநெல்வேலியில் 1981-இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1990-இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் மென்பொருள் அலுவலகமே வந்துவிட்டது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிரல் எழுதக் கற்று வெளிவருகிறார்கள். பிறர் எழுதிய நிரலை வாசித்து அபிப்பிராயம் எழுதுவதற்கு அவர்களுக்கு எந்த வகுப்பில் பயிற்சி தரப்படுகிறது? பாடத்திட்டத்தில் ஒரு பருவத்துக்குச் சில மதிப்பெண்ணை இதற்கென ஒதுக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தாம் பயன்படுத்தும் கட்டற்ற தமிழ் மென்பொருள் ஒன்றில் ஒரு குறையைக் கண்டு, மறுபடி நிகழ்த்திக் காட்டும் வழியோடு எழுதி அனுப்பவேண்டும். அதற்கு வந்த விடையையும் சேர்த்தே ஆசிரியர் மதிப்பிட வேண்டும். பதினெட்டு வயதில் ஒருமுறை தம் குறிப்பால் ஒரு மென்பொருள் திருந்தக் கண்டவர், பிறகு வசை எழுதும் சுகத்தை அவ்வளவு பெரிதாக மதிக்கமாட்டார்.

தமிழுக்கு மென்பொருள் செய்கிற தன்னார்வலர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். ஆங்கிலத்துக்கு ஆயிரம் பேர் இருக்கும் வேலைக்கு இங்கே ஒருவரோ இருவரோ. அவர்களுள் ஒருவர் சலித்துப்போய் விலகினால், அந்த இடத்துக்கு வரக் கதவருகே எவரும் காத்திருப்பதில்லை. அப்படி விலகிய ஒருவரால் அநாதையாகிப் போன விசைப்பலகையையோ சொற்பிழை திருத்தியையோ பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களில், அவரை ஒருநாள் ஆத்திரத்தில் ஏசிய மனிதரும் ஒருவராக இருப்பார். எனவே, குறை கண்டவுடன் எழுதுங்கள், தயங்காமல் எழுதுங்கள், வேண்டுமானால் கடுமையாகவும் எழுதுங்கள். எழுதியதை அனுப்புமுன் இதைக்கொண்டு எந்த வரியைத் திருத்த முடியும் என்று ஒருமுறை பாருங்கள். ஒரு வரியையும் திருத்த முடியாதென்றால் அதை அனுப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை.